திருப்பிக் கொடுக்கும் திருடன்

அத்தியாயம் 5

வாலுவுக்கு வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டே பல் டாக்டருக்கு யோசனை சொன்ன ஆள் அவன். அப்படிப்பட்டவனே அந்தப் புதன்கிழமை காலை, எதிரே உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக் தன் தங்கையின் படத்தைக் கைப்பேசியில் காட்டியபோது பேச்சு வராமல் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தான்.

படத்தில் இருந்தவர் நீச்சல் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். தோள்கள் இன்னும் நீச்சல்காரியின் தோள்களாகவே இருந்தன; முகம் மட்டும் வற்றிப்போயிருந்தது. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தோடு இணைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துதான் உயிரை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"கிட்னி கிடைச்சாச்சு மேடம்," என்றார் மெக்கானிக். தோளில் மாட்டியிருந்த கருவிப் பையை அவர் உள்ளே வந்த பிறகும் இறக்கவில்லை. "இதோ, என் வீட்டுக்காரிதான் குடுக்கறா. எல்லா டெஸ்டும் பொருந்திடுச்சு. ஆபரேஷனுக்குத் தேதியும் குடுத்துட்டாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள பணம் கட்டணும். கட்டலைன்னா அந்தத் தேதி வேற யாருக்கோ போயிடும். அடுத்தது எப்போன்னு சொல்ல முடியாதாம். அதுவரைக்கும் அவ இதயம் தாங்குமான்னு டாக்டருக்கே சந்தேகம்."

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். துணி வெளுக்கும் கடையில் கவுண்டரில் நிற்பவர். நீச்சல் டீச்சருக்கு அண்ணி என்பதால், வாலுவும் மனசுக்குள் அவரை அண்ணி என்றே வைத்துக்கொண்டான். மணிக்கட்டில் பச்சைப் பட்டை போட்ட கடிகாரம். அதன் பட்டையை ஒரு துளை தளர்த்துவதும் மறுபடி இறுக்குவதுமாக இருந்தார்.

எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையின் சொந்தக்காரி, இன்ஸ்பெக்டரம்மா. போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வாலுவை உதவிக்கு வைத்துக்கொண்டு துப்பறியும் வேலை ஆரம்பித்து வெகுகாலம் ஆகிவிட்டாலும் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. காக்கியைக் கழற்றினாரே தவிர சந்தேகத்தைக் கழற்றவில்லை என்பான் வாலு. கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடும்போதெல்லாம் அவர் மேஜை லேசாக நடுங்கும். அதையும் அவர் சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

"விஷயத்துக்கு வாங்க," என்றார்.

விஷயம் இதுதான். பணம் திரட்ட மெக்கானிக் இணையத்தில் ஒரு நன்கொடைத் தளத்தில் பக்கம் ஆரம்பித்தார். டீச்சரிடம் நீச்சல் கற்ற பிள்ளைகளின் பெற்றோர் அள்ளிக் கொடுத்தார்கள். பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது என்று மூச்சு விட்ட நேரத்தில் வரவு சட்டென்று நின்றது. ஏன் என்று பார்த்தால், வேறொரு தளத்தில் அதே பெயர், அதே படம், அதே கதையோடு இன்னொரு பக்கம். பெற்றோர் குழுக்களில் எல்லாம் இப்போது சுற்றுவது அந்த இரண்டாவது பக்கத்தின் முகவரிதான். பணமும் அங்கேதான் கொட்டிக்கொண்டிருந்தது.

"போலீஸுக்குப் போனீங்களா?"

"போனேன். பணம் எந்த அக்கவுண்டுக்குப் போகுதோ அதை வெச்சுதான் ஆளைப் புடிக்க முடியும்னாங்க. அந்தத் தளத்துக்காரங்களைக் கேட்டா, அக்கவுண்ட் நம்பரே இன்னும் குடுக்கலைங்கறாங்க."

"கடையைத் திறந்துட்டுக் கல்லாப்பெட்டி வைக்க மறந்துட்டானா?" என்றான் வாலு. வாய் திரும்பி வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டரம்மா அவனைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தார். "ஆபரேஷன்னா உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?"

"இவளுக்கா?" என்றார் மெக்கானிக். "தைரியசாலி மேடம் இவ. நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள சரின்னுட்டா. டாக்டரே அசந்துட்டாரு."

அண்ணி சிரித்தார். கடிகாரப் பட்டை இன்னொரு துளை தளர்ந்தது.

"டீ ஆறுதே, எடுத்துக்கங்கம்மா," என்றான் வாலு.

"இவ சூடா குடிக்க மாட்டா," என்றார் மெக்கானிக்.

இன்ஸ்பெக்டரம்மா பேனாவை மூடினார். "கடைசியா ஒண்ணு. நீங்க ஆரம்பிச்ச தளம் இருக்கே, அதைத் தேர்ந்தெடுத்தது யாரு?"

"தங்கச்சிதான். அந்தப் பொடி எழுத்தையெல்லாம் படிக்க எனக்குப் பொறுமை ஏது? அவதான் ஒவ்வொரு தளமா உக்காந்து படிச்சா. இது சரியில்ல, அது சரியில்லன்னு கழிச்சுக் கட்டி, பணம் நேரா ஆஸ்பத்திரிக்கே போற தளமா பாத்து எடுத்தா. குடுக்கறவங்களுக்கு நம்பிக்கை வரணும்ல, அண்ணான்னா." அவர் கைப்பேசியில் இருந்த படத்தை மறுபடி பார்த்தார். "அவ்வளவு நேர்மையானவளுக்கு இப்படி ஒரு துரோகம்."

போகும்போது அவர்தான் கதவைத் திறந்தார், அவர்தான் நன்றி சொன்னார், இருவருக்கும் சேர்த்து. அண்ணியின் டீ அப்படியே இருந்தது.

*

"வாலு, நீ ஸ்கூட்டர் வாங்கறதுக்கு ஊர்ல பணம் திரட்டப் பாத்தியே, ஞாபகம் இருக்கா?"

"அதை ஏன் இப்ப கிளறுறீங்க?"

"அப்ப எந்தத் தளம் நல்லதுன்னு ஆராய்ச்சி பண்ணினே. அந்த அறிவை இப்ப எடுத்து விடு."

வாலு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். தன் அறிவுக்கு மதிப்புக் கிடைப்பது அபூர்வம் என்பதால் நிதானமாகவே ஆரம்பித்தான்.

"மொத்தம் மூணு ரகம் மேடம். முதல் ரகம், பணம் விழ விழ ஆரம்பிச்சவன் கைக்கு வந்துடும். அவசரத்துக்கு நல்லது. திருடனுக்கு அதைவிட நல்லது. ரெண்டாவது ரகம், பணத்தை யார் கண்ணுலயும் காட்டாது. நேரா ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்னு எங்க போகணுமோ அங்க போயிடும். டீச்சரோட அண்ணன் வெச்சிருக்கறது அது. கொஞ்சம் மெதுவா நடக்கும், ஆயிரம் சான்றிதழ் கேக்கும், ஆனா பத்திரம்."

"மூணாவது?"

"அது பிடிவாதக்காரத் தளம். ஒரு இலக்கு வைக்கணும், ஒரு கடைசி நாள் வைக்கணும். அதுக்குள்ள இலக்கு எட்டினா மொத்தமும் நமக்கு. ஒரு ரூபா குறைஞ்சாலும் போச்சு, போட்டவங்க எல்லாருக்கும் முழுப் பணமும் திரும்பிடும். அக்கவுண்ட் நம்பரையே இலக்கு எட்டின அப்புறம்தான் கேப்பாங்க. புஸ்தகம் போடறவங்க, புதுசா மிஷின் கண்டுபிடிக்கறவங்கதான் அங்க போவாங்க. வைத்தியச் செலவுக்கு அங்க போறவன் பைத்தியக்காரன்."

"நம்ம திருடன் எங்க போயிருக்கான்?"

வாலு மடிக்கணினியைத் திறந்தான். பார்த்தான். அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"மூணாவதுல."

"இலக்கு எவ்வளவு?"

எண்ணைப் பார்த்துவிட்டு அவன் விசில் அடித்தான். "இந்தப் பணத்துக்கு ஆபரேஷன் எதுக்கு மேடம், ஆஸ்பத்திரியையே வாங்கிடலாம். நிர்வாகத்தையும் நாமளே பாத்துக்கலாம்."

"எட்டுமா?"

"ஜென்மத்துல எட்டாது."

"கடைசி நாள்?"

வாலு தேதியைப் படித்தான். படித்ததும் விசில் நின்றுவிட்டது. "ஆஸ்பத்திரில பணம் கட்டவேண்டிய கெடுவுக்கு மறுநாள்."

இன்ஸ்பெக்டரம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே தெருவில் ஒருவர் கட்டுக் கட்டாக வெள்ளைத் தாள் இறக்கிக்கொண்டிருந்தார். அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"எல்லாத் திருடனும் முதல்ல யோசிக்கறது பணம் எப்படிக் கைக்கு வரும்னு. இவன் ஒரு பைசாகூடத் தன் கைக்கு வராத தளமா பொறுக்கி எடுத்திருக்கான். எட்ட முடியாத இலக்கு வெச்சிருக்கான். கெடு முடியற வரைக்கும் ஜனங்க பணத்தைப் பிடிச்சு வெச்சிருந்துட்டு, மறுநாள் அவங்கவங்களுக்கே திருப்பிக் குடுத்துடப்போறான். யாருக்கும் நஷ்டம் இல்ல."

"அப்ப எதைத்தான் திருடறான்?"

"ஆபரேஷனை."

பணத்துக்காகக் கழுத்தை அறுப்பவர்களை வாலுவுக்குத் தெரியும். அவர்களைப் புரிந்துகொள்ளவும் முடியும். ஒரு ரூபாய் லாபம் இல்லாமல் ஒரு பெண்ணைச் சாகவிட நினைப்பவன் எப்படிப்பட்டவன் என்று நினைக்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை.

எதையாவது செய்யவேண்டும் போலிருந்ததால் அந்தப் பக்கத்தில் தானும் கொஞ்சம் பணம் போட்டான். குறிப்பு எழுதும் இடத்தில், 'என் டீக் காசு இது. சீக்கிரம் எழுந்து வந்து எனக்கும் நீச்சல் சொல்லித்தாங்க' என்று எழுதினான். பதில் ஏதும் வரவில்லை.

"மத்தவங்களுக்குப் பதில் வந்திருக்கா, பாரு."

வந்திருந்தது. கொடுத்த ஒவ்வொருவருக்கும் கீழே அதே இரண்டு வரி: 'நன்றி. உங்கள் பணம் பத்திரமாக இருக்கும்.'

"திருடன்னா உருகணும் மேடம். நீங்கதான் தெய்வம், உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன்னு அழணும். இவன் பேங்க் மேனேஜர் மாதிரி பேசறான்."

"எப்பெப்போ பேசறான்?"

வாலு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மேலிருந்து கீழாகப் பார்த்தான். பதில்கள் கொத்துக் கொத்தாக இருந்தன. செவ்வாய், வியாழன், சனி. எல்லாம் காலை வேளை. மற்ற நாட்களில் ஒரு பதில்கூடக் கிடையாது.

இன்ஸ்பெக்டரம்மா மெக்கானிக்குக்குப் போன் போட்டார். ஒரே கேள்வி. பதிலைக் கேட்டுவிட்டு வைத்தார். "டீச்சருக்கு டயாலிசிஸ் செவ்வாய், வியாழன், சனி. காலையில. அண்ணன் வேலைக்குப் போயிடுவாரு. கூட்டிட்டுப் போய், வெளிய பெஞ்சில உக்காந்து காத்திருக்கறது அண்ணி."

வாலு படக்கென்று இரண்டு பக்கங்களின் படங்களையும் அருகருகே வைத்தான். அதுவரை கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது. அண்ணன் போட்ட படத்தில் டீச்சர் மட்டும்தான். போலிப் பக்கத்தில் அதே படம் கொஞ்சம் அகலமாக இருந்தது. டீச்சரின் தோளில் ஒரு கை. அந்தக் கையில் பச்சைப் பட்டைக் கடிகாரம்.

"மாட்டிக்கிச்சு," என்றான். "யாருக்கு இந்த ஆபரேஷன் நடக்கக் கூடாது? கத்தி யார் உடம்புல படப்போகுதோ அவங்களுக்கு. ஊரைப் பாத்துச் சரின்னுட்டாங்க, உள்ளுக்குள்ள வேணாம். பணம் சேரலைன்னா தன் கையில அழுக்கே படாதே."

"இருக்கலாம்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. அவர் 'இருக்கலாம்' என்றால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தமில்லை என்பது வாலுவுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அவன்தான் உற்சாகத்தில் மிதந்துகொண்டிருந்தானே. கீழே டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று இறங்கியவன், படியில் நின்று மெக்கானிக்குக்குப் போன் செய்து, அந்த அகலமான படம் யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டான். அதோடு நிறுத்தியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

"எங்க மூணு பேர் குரூப்ல மட்டும்தான் போட்டேன்," என்றார் மெக்கானிக். "நன்கொடைப் பக்கத்துல போடறப்போ படத்துல இவ கையை வெட்டிட்டேன். எல்லாரும் தங்கச்சியைத்தானே பாக்கணும். ஏன் கேக்கறீங்க?"

"நாளைக்குக் காலைல ஆள் கையில இருக்கும் சார்," என்றான் வாலு பெருமையாக.

*

வியாழக்கிழமை டயாலிசிஸ் நிலையத்தின் காத்திருக்கும் அறையில் மருந்து வாடையும் ஈரத் தரையின் வாடையும் கலந்திருந்தன. சுவரோரம் எடை பார்க்கும் இயந்திரம். நோயாளிகள் உள்ளே போகுமுன் ஒரு முறையும் வெளியே வந்தபின் ஒரு முறையும் அதில் ஏறி நிற்க வேண்டும். நடுவில் ஒரு பெரிய கண்ணாடிக் கதவு. அதற்கு அப்பால் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயரத்துக்கு ஓர் இயந்திரம், சிவப்பாக ஓடும் குழாய்கள்.

அண்ணி ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் டீச்சரின் போர்வை. அதை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி நான்காக மடித்தார். அவருடைய கைப்பேசி எதிர்ச் சுவரில், மருந்துக் கவுண்டருக்குப் பக்கத்தில் சார்ஜில் தொங்கியது.

"பிடிச்சுக் கேட்டுடலாமா மேடம்?" என்றான் வாலு மெதுவாக.

"சும்மா நில்லு."

சும்மா நின்றான். அப்போதுதான் அவன் சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான்.

'டீயை விட்டுவிடாதீர்கள். உங்கள் பணம் பத்திரமாக இருக்கும். நன்றி.'

வாலு கைப்பேசியைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். இரண்டு கையிலும் போர்வை. சுவரில் தொங்கிய கைப்பேசியைப் பார்த்தான். அதன் திரை இருட்டாகவே இருந்தது. உற்சாகமெல்லாம் அவனிடமிருந்து இறங்கிப் போய்விட்டது.

"இவங்க இல்ல," என்றான். "அப்ப அந்த மூணு பேர்ல..."

இன்ஸ்பெக்டரம்மா ஏற்கெனவே கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நாற்காலியில் நீச்சல் டீச்சர். இடது கை அசையாமல் நீட்டியிருந்தது. அதில்தான் ஊசிகளும் குழாய்களும். வலது கையில் கைப்பேசி. கட்டைவிரல் மட்டும் நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தது.

ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றார் நர்ஸ். நான் அரை ஆள்தான் என்று சொல்லி வாலுவும் நுழைந்துவிட்டான். வழக்கமாக இதற்குச் சிரிப்பான். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். இன்ஸ்பெக்டரம்மா தன்னை யாரென்று சொன்னதும், அவர் கைப்பேசியைப் போர்வைமேல் கவிழ்த்து வைத்தார். மறைக்க முயலவில்லை. களைத்துப்போனவர் போலத் தெரிந்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நீ ரொம்ப யோக்கியமா திருடிட்டம்மா. உன் அண்ணனுக்காக எல்லாத் தளத்தையும் படிச்சுக் கழிச்சது நீ. கழிச்சதுல ஒண்ணு மட்டும் உனக்கு உபயோகமா இருந்திருக்கு. குடுத்தவங்க யாரும் ஏமாறக் கூடாதுன்னு பாத்தே பாரு, அங்க மாட்டிக்கிட்டே."

"அந்தக் குழந்தைங்களோட அப்பா அம்மா எல்லாம் கஷ்டப்பட்டுச் சம்பாதிக்கறவங்க," என்றார் டீச்சர். "அவங்க காசுல கை வைக்க முடியுமா?"

"உன் உயிர்ல கை வெச்சிருக்கியே. ஏன்?"

டீச்சர் கண்ணாடிக் கதவுப் பக்கம் பார்த்தார். அங்கிருந்து அண்ணியின் முதுகும் போர்வையின் ஒரு மூலையும் தெரிந்தன.

"வீடு ரெண்டு ரூம் மேடம். ஒண்ணுல நான், ஒண்ணுல அவங்க. அண்ணி பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விடுவாங்க. உள்ள துவைக்கத் துணி இருக்காது, கழுவப் பாத்திரம் இருக்காது. தண்ணி மட்டும் ஓடும். வெளிய வரும்போது முகம் வீங்கியிருக்கும். 'கண்ணுல சோப்பு பட்டுடுச்சு'ம்பாங்க. டெஸ்ட் பொருந்திடுச்சுன்னு சொன்ன நாள்லேர்ந்து தினமும் சோப்பு."

"டாக்டர் அவங்ககிட்ட கேக்கலையா?"

"கேட்டாரு. பக்கத்துலயே அண்ணன். சரின்னாங்க."

"நீயே வேணாம்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா ஏன்னு கேப்பான். விட மாட்டான். 'நீ ஏதாவது மூஞ்சி காட்டினியா?'ன்னு நேரா அண்ணிகிட்டதான் போய் நிப்பான். அண்ணியே வேணாம்னு சொல்லிட்டா, நான் செத்த அப்புறமும் கேட்டுக்கிட்டே இருப்பான். வாயால கேக்கலைன்னாலும் பார்வையில கேப்பான். அந்த வீட்டுல அவங்க எப்படி இருக்க முடியும்? பணம் சேரலைன்னா அப்படி இல்ல. யார்மேலயும் பழி இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "என் அண்ணன் நல்லவன் மேடம். எனக்காகக் கழுத்தையே குடுப்பான். குடுக்கறது யார் கழுத்துங்கறதை மட்டும் கவனிக்க மாட்டான்."

இயந்திரம் ஒரு முறை ஒலித்தது. நர்ஸ் வந்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போனார்.

"இருபது வருஷமா நீச்சல் சொல்லித்தரேன்," என்றார் டீச்சர். "தண்ணியைப் பாத்து நடுங்கற குழந்தையை மத்த கோச் எல்லாம் தூக்கிப் போட்டுடுவாங்க. விழுந்தா தானா வந்துடும்பாங்க. நான் ஒரு குழந்தையைக்கூடத் தள்ளினது இல்ல. இப்ப எனக்காக ஒருத்தரைத் தள்ளச் சொல்றீங்களா?"

வாலு தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று அண்ணியைக் கொலைகாரியாக்கி முடித்திருந்தான் என்பது நினைவுக்கு வந்தது.

"குடுக்கறவங்க டாக்டரைத் தனியாப் பாத்து வேணாம்னு சொல்லலாம்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "காரணமே சொல்லாம, தகுதி இல்லைன்னு மட்டும் வீட்டுக்குச் சொல்லிடுவாங்க. அவ்வளவு பொடி எழுத்துப் படிச்சவ, டாக்டர்கிட்ட இந்த ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்."

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். "தெரியாது மேடம்."

"அப்படிச் செஞ்சாலும் அந்தக் குழாய் ஓடிக்கிட்டேதான் இருக்கும். அது வேற விஷயம். முதல்ல அந்தப் பக்கத்தை மூடு. அண்ணனோட பக்கம் இருக்கட்டும். அதுல இருக்கற பணம் ஆஸ்பத்திரில உன் பேர்லதான் கிடக்கும், யார் கிட்னி கிடைச்சாலும் உதவும். உன் அண்ணி முடியாதுன்னா நீ வரிசையிலதான் நிக்கணும். நாள் ஆகும். கிடைக்காமலும் போகலாம். உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு," என்றார் டீச்சர் உடனே. பிறகு கைப்பேசியை எடுத்து, ஒற்றைக் கட்டைவிரலால் அந்தப் பக்கத்தை மூடினார். வாலுவின் பையில் கைப்பேசி அதிர்ந்தது. அவன் எடுத்துப் பார்க்கவில்லை.

கண்ணாடிக்கு வெளியே யாரோ வேகமாக வந்து நின்றார்கள். தோளில் கருவிப் பை.

"ஐயோ," என்றான் வாலு. "மேடம், நேத்து நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

*

மெக்கானிக்குக்கு இரவெல்லாம் அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்திருக்கிறது. படம் மூன்று பேரிடம் மட்டும்தான். ஆள் காலையில் கையில் இருக்கும். லிஃப்ட் எந்த மாடியில் சிக்கியது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லும் மனிதருக்கு இது பெரிய கணக்கில்லை. மனைவியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நீயா?" என்றார்.

அண்ணி வாயைத் திறந்தார்.

"நீ இல்ல. எனக்குத் தெரியும். நீ இப்படியெல்லாம் செய்ய மாட்டே," என்று அவரே பதிலையும் சொல்லி முடித்தார். அண்ணியின் வாய் மூடிக்கொண்டது. போர்வை மறுபடி நான்காக மடிந்தது.

இன்ஸ்பெக்டரம்மா வந்து இருவருக்கும் நடுவில் நிற்கவில்லை; கொஞ்சம் தள்ளி, எடை பார்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார்.

"அந்தப் பக்கத்தை இப்பதான் மூடியாச்சு," என்றார். "குடுத்த எல்லாருக்கும் பணம் திரும்பிப் போயிட்டிருக்கு. ஒரு பைசா திருட்டுப் போகலை."

"யார் செஞ்சதுன்னு சொல்லுங்க மேடம். மூணு பேர்ல ஒருத்தர்னா, நான் செய்யல..."

"அங்கதான் தப்பு பண்றீங்க. உங்களையும் சேத்துதான் மூணு பேர்."

மெக்கானிக்குக்குப் புரியவில்லை. முழித்தார்.

"யார் செஞ்சாங்கங்கறது உங்களுக்குத் தானா தெரிய வரும். அதை அப்புறம் கேட்டுக்கலாம். நேத்து நீங்க என்கிட்ட வந்தப்ப நான் ஒரு கேள்வி கேட்டேன். உங்க மனைவிகிட்ட. அதுக்கு எனக்கு இன்னும் பதில் வரல."

"என்ன கேள்வி?"

"ஆபரேஷன்னா பயமா இல்லையான்னு. அவங்க பதில் சொல்றதுக்குள்ள நீங்களே தைரியசாலின்னு சொல்லிட்டீங்க. நீங்க கேளுங்க. கேட்டுட்டு, பதிலை நீங்களே சொல்லிடாதீங்க. அவ்வளவுதான் என்னால உங்களுக்குக் கண்டுபிடிச்சுக் குடுக்க முடிஞ்சது."

மெக்கானிக் கோபமாக ஏதோ சொல்ல வந்தார். கண்ணாடிக்கு அப்பால் தங்கை தலையை நிமிர்த்தித் தன்னையே பார்ப்பது தெரிந்தது. அவள் ஒரு கையை அசைக்க முடியாமல், மறு கையைக் கண்ணாடியை நோக்கித் தூக்கியிருந்தாள். அவர் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. பிறகு மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார். இதுவரை அவர் மனைவியிடம் எதையும் பதில் தெரியாமல் கேட்டதில்லை என்று வாலுவுக்குத் தோன்றியது.

"உனக்குப் பயமா இருக்கா?" என்றார்.

அண்ணி நிமிரவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. மெக்கானிக்கின் வாய் பழக்க தோஷத்தில் தானாகத் திறந்தது. 'இவளுக்கென்ன' என்ற வார்த்தை அவர் உதட்டில் உருவாவதை வாலு பார்த்தான். அவர் உதட்டைக் கடித்து வாயை மூடிக்கொண்டார்.

மடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"ஆமா," என்றார் அண்ணி. "ரொம்ப."

மெக்கானிக் தோளிலிருந்து கருவிப் பையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.